பொடியளுக்குச் சொல்லி வைத்தது

“பொம்பிளைப் பிள்ளை ஒண்டும் இல்லையோ?” என்று டொக்டர் கேட்டபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளைப் பெற்ற நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் அவர் ஊர்ச்சனம் கேட்கிற மாதிரிக் கேட்கவில்லை. ஸ்கான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டார். கர்ப்பப்பையில் கட்டி பெரிதாகிவிட்டது, ஒப்பரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும், ஆனால் உடம்பில் இரத்தம் காணாது, குளிசை போட்டு இரத்தத்தைக் கூட்டிக்கொண்டுதான் கத்தி வைக்கலாம். அதுவரை பொறுத்திருக்கவேண்டும்.

“ரெண்டு பொடியள் தான் டொக்டர். அவர் கட்டாரிலை வேலை செய்யிறார்.”

“அப்ப பொடியளுக்குச் சொல்லி வையுங்கோ. திடீரெண்டு இரத்தம் கூடப் போனால் நீங்கள் மயங்கி விழுந்திடுவியள். வீட்டிலை நிக்கிற ஆளுக்கு என்ன ஏதெண்டு தெரிஞ்சிருக்கோணும். உடனை கொண்டுவரோணும், பிந்தக் கூடாது.”

“ஓம் டொக்டர்” என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பண்டத்தரிப்புக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தச் ‘சொல்லி வையுங்கோ’தான் தலைக்குள் சுழன்றது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். பின்வாங்கில் இருந்து கதைக்கிற பொடியனை ஒரு பார்வையில் அடக்கிவிடுவேன். வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு, அதுவும் என் வயிற்றில் பிறந்தவர்களுக்கு, என் உடம்பில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்ல எனக்கு வாய் வருமா என்பதுதான் என் கவலை. இது விசர்த்தனம் என்று எனக்கே தெரியும். கத்தி வைக்கப்போகிறார்கள் என்பதற்குப் பயப்படாமல், மூத்தவனின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று பயந்துகொண்டு நின்றேன்.

மூத்தவன் பதினோராம் வகுப்பு, அந்த வருடம் ஓ.எல். சோதனை எடுக்க இருந்தான். மீசை அரும்பியதிலிருந்து என்னோடு கதைக்கிறதைக் குறைத்துக்கொண்டவன். ‘ஓம்’, ‘இல்லை’, ‘பசிக்குது’ என்ற மூன்று சொல்லோடு ஒரு நாளைக் கொண்டுபோய்விடுவான். சின்னவன் எட்டாம் வகுப்பு. அவனுக்கு வாய் ஓயாது. ஒன்றைச் சொன்னால் ஒன்பது கேட்பான், கேட்டதைக் கொண்டுபோய் ஒன்பது பேருக்குச் சொல்லுவான். ஒருத்தன் காது கொடுத்துக் கேட்கவே மாட்டான் என்று பயம், மற்றவன் கேட்டதை ஊரெல்லாம் பரப்பிவிடுவான் என்று பயம். என் மனுசன் போனில் ஒருமுறை சொன்னது சரிதான்: “உமக்குக் கவலைப்பட ஒண்டும் இல்லையெண்டால் அதுவும் உமக்கொரு கவலை.”

எந்தச் சொல்லில் தொடங்குவது என்றே தெரியவில்லை. மாதவிடாய் என்பது சோதனைத் தாளில் வருகிற சொல். வீட்டில் நாங்கள் புழங்குகிறதெல்லாம் ‘சுகமில்லை’, ‘தூரம்’, ‘துடக்கு’ என்பவைதான். “அம்மாக்குச் சுகமில்லை, நீ சாமியறைக்கு விளக்குக் கொளுத்து” என்று மூத்தவனிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என்ன சுகமில்லை என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் கேட்காமல் விட்டது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இத்தனைக்கும் இது எங்கள் ஊரில் மறைவான விசயமே அல்ல. கொடிகாமத்தில் இருக்கிற என் அக்காவின் மகள் பெரிய பிள்ளையானபோது மண்டபம் எடுத்து, வாசலில் ஆளைவிடப் பெரிய படம் வைத்து, ஆகாயத்தில் கமரா பறக்கவிட்டு, கலியாணம் தோற்றுப்போகிற மாதிரிச் சாமத்தியவீடு செய்தார்கள். சின்னவன் பாயாசத்தைத் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அம்மா, அக்காக்கு ஏன் இப்பிடிச் செய்யினம்?”

“அவ வளர்ந்திட்டா.”

“நானும் தானே வளர்ந்திட்டன். எனக்கேன் செய்யேல்லை?”

பக்கத்தில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்து, அவன் வாயில் ஒரு பயற்றம் பணியாரத்தைத் திணித்து அனுப்பிவிட்டேன். ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிறோம், எதற்காகக் கொண்டாடுகிறோம் என்று ஒரு பொடியன் கேட்டால் பணியாரம் கொடுக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வரும்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள் என்று இருந்துவிடலாம். ஆனால் நானும் பள்ளிக்கூடத்து ஆள்தானே, எனக்குத் தெரியாதா? அந்தப் பாடம் வருகிற நாளில் பெண்பிள்ளைகளை ஒரு வகுப்புக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். பொடியன்களிடம் பந்தைக் கொடுத்து விளையாடச் சொல்லுவோம். கதவுக்குப் பின்னால் ஏதோ களவு நடக்கிற மாதிரி அவர்கள் மைதானத்தில் நின்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அன்று முழுக்கப் பெண்பிள்ளைகளுக்கு அவர்களின் நக்கல் தாங்க முடியாது.

எனவே நான்தான் சொல்லவேண்டும். சொல்லத் தொடங்குவேன், பிறகு விட்டுவிடுவேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது “தம்பி, அம்மான்ரை உடம்பு...” என்று தொடங்கினேன். மூத்தவன் நிமிர்ந்து பார்த்தான். “...கொஞ்சம் பலவீனமாப் போச்சு, புட்டு இன்னும் போடட்டோ?” என்று முடித்தேன். இன்னொரு நாள் பாடப்புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவன் அதை மூடி, மேலே கணக்குப் புத்தகத்தை வைத்திருந்தான். இதற்கிடையில் எனக்குப் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இனியும் பிந்தினால் சொல்லுவதற்கு நான் இருக்கமாட்டேன் என்ற பயம், வெட்கத்தைவிட ஒரு பிடி கூடியபோதுதான் துணிவு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு பேருக்கும் ரியூசன் இல்லாத நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசையில் நாப்கின் பைக்கற்றைக் கொண்டுவந்து வைத்தேன். மூத்தவன் அதைக் கண்டதும் எழும்பினான்.

“இரு.”

“எனக்குத் தெரியும் அம்மா.”

“என்ன தெரியும்?”

அவன் காது இரண்டும் சிவந்துபோயின. போனிலும், பொடியள் கூடிக் கதைக்கிற மதகடியிலும் அவன் என்ன கேட்டிருப்பான் என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. “அது வேறை, இது வேறை. இரு” என்று, வகுப்பில் பின்னக்கணக்குத் தொடங்குகிற குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு அவன் சின்ன வயதிலிருந்தே பயம். இருந்துவிட்டான்.

ஒரு கடுதாசியில் கர்ப்பப்பையைக் கீறிக் காட்டினேன். சாதாரணமாக ஒரு கொய்யாப்பழம் அளவுதான் இருக்கும், எனக்கு அதற்குள் ஒரு கட்டி வளர்ந்து அதுவே ஒரு மாங்காய் அளவுக்கு வந்துவிட்டது என்றேன். மாதாமாதம் ஏன் இரத்தம் வருகிறது, எத்தனை நாள் வரும், எவ்வளவு வந்தால் சரி, எவ்வளவு வந்தால் பிழை என்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ கதைக்கிற மாதிரிக் கேட்டது.

“நோகுமோ?” என்றான் சின்னவன்.

“நோகும்.”

“ஒவ்வொரு மாசமுமோ? பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கேக்கையுமோ?”

“ஓம்.”

அவன் என் வயிற்றைப் பார்த்தான். பிறகு கடுதாசியைப் பார்த்தான். “அப்ப எங்கடை வகுப்புப் பெட்டையளுக்கும்?”

“ஓம். ஆரும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு இருந்தால் பகிடி பண்ணக் கூடாது. சட்டையிலை கறையைக் கண்டால் மற்றப் பொடியளைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாது.”

“அண்ணையும் அவன்ரை கூட்டாளியளும் அண்டைக்குக் காட்டினவை. பஸ் ஸ்ராண்டிலை. எல்லாரும் சிரிச்சவை.”

“வாயை மூடடா” என்று மூத்தவன் உறுமினான். நான் அவனை ஏசவில்லை. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

“உங்களுக்கும் தான் சொல்லுறன்” என்று தொடர்ந்தேன். “கீழை, விதையிலையோ அடிவயித்திலையோ திடீரெண்டு நோ வந்தால், வீங்கினால், நாளைக்குப் பாப்பம் எண்டு படுக்கக் கூடாது. அந்த நிமிசமே சொல்லோணும். வெக்கப்பட்டு மறைச்சு, நேரம் பிந்தி, வெட்டி எடுக்கவேண்டி வந்த பொடியள் இருக்கினம்.”

“அம்மா, காணும், போதும்” என்றான் மூத்தவன்.

“காணாது. எல்லாம் கேட்டுட்டு எழும்பு.”

அப்போதுதான் அவன் திடீரென்று கேட்டான்: “அப்ப அந்தக் குளிசை?”

எங்கள் பக்கத்தில் கோயில் கொடியேறினால் வீட்டில் மீன் இறைச்சி இல்லை, எல்லோரும் விரதம். துடக்கு வந்த பெண் கோயில் வீதியை மிதிக்கமாட்டாள். திருவிழாவுக்குள் வந்துவிடுமோ என்ற பயத்தில், மாதவிடாயைத் தள்ளிப்போடுகிற குளிசையை வாங்கிப் போட்டுக்கொள்ளுவோம். எங்கள் கோயில் திருவிழா, பிறந்த ஊர்த் திருவிழா, நவராத்திரி, கந்தசஷ்டி என்று ஒன்று முடிய ஒன்று வரும். குளிசை வாங்க மூத்தவனைத்தான் அனுப்புவேன். பழைய குளிசை மட்டையைப் பாமசியில் காட்டினால் பேப்பரில் சுற்றித் தருவார்கள். கால் உளைவுக்குப் போடுகிறது என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

“அது... திருவிழாவுக்கு வராமல் தள்ளிப்போடப் போடுறது” என்றேன்.

“உதாலையோ கட்டி வந்தது?” அவன் குரல் உடைந்திருந்தது. “நான் தானே வாங்கித் தந்தனான். ஒவ்வொரு முறையும் நான் தானே.”

“இல்லையப்பன். கட்டி உதாலை வரேல்லை. ஆரையும் கேக்காமல் போட்டுப் போட்டு, எப்ப வரும் எவ்வளவு போகும் எண்டு ஒரு ஒழுங்கில்லாமல் போச்சு. அதாலை கட்டி இருக்கிறது தெரியப் பிந்திப்போச்சு, அவ்வளவு தான். அதுக்கு நீ என்ன செய்வாய்?”

அவன் அழவில்லை. ஆனால் அழுகிறவன் மாதிரி மூக்கை உறிஞ்சினான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது. அந்த வயதில் விடமாட்டான் என்று தெரியும்.

கடைசியில் முக்கியமானதற்கு வந்தேன். “ஒரு மணித்தியாலத்துக்குள்ளை ஒரு நாப்கின் முழுக்க நனைஞ்சு, அடுத்ததும் அப்பிடி நனைஞ்சால், இரத்தம் கட்டி கட்டியாப் போனால், எனக்குத் தலை சுத்தினால், பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது. பெரியம்மாக்குப் போன் அடிக்கோணும். பின்வீட்டு ஓட்டோ அண்ணையைக் கூப்பிடோணும்.”

“என்னெண்டு சொல்லிக் கூப்பிடுறது?” என்று சின்னவன் கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. “அம்மாக்கு வயித்துவலி எண்டு சொல்லு.”

“அம்புலன்சுக்கு அடிக்கலாம் தானே?” என்றான் மூத்தவன்.

“அது கத்திக்கொண்டு வந்து வாசல்லை நிண்டால் ஒழுங்கைச் சனம் முழுக்க எட்டிப் பாக்கும். உந்தக் கதை எங்கடை படலையைத் தாண்டப்படாது. ஆர் கேட்டாலும் வயித்துவலி. விளங்குதோ?”

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பெரிய மலையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அதனால் ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கிழமைகள் எனக்கு நிம்மதியாகப் போனதாகச் சொல்லமுடியாது. சின்னவன் எனக்குக் காவல்காரன் ஆகிவிட்டான். நான் குளியலறைக்குள் போனால் கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டுவான். “அம்மா, நிக்கிறியளோ?” என்பான். “நிக்கிறனடா, போடா” என்பேன். என் முகம் வெளிறியிருக்கிறதா என்று பார்க்க, கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்க்கவும் எங்கோ படித்துக்கொண்டு வந்தான். ஒருநாள் ரியூசன் முடிந்து வந்த மூத்தவன் நாப்கின் பைக்கற் இரண்டை மேசையில் வைத்துவிட்டு, “முடிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனான். பைக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் கனநேரம் அந்த இடத்திலேயே நின்றேன். அந்தச் சந்தோசம்கூட எனக்கு முழுதாக நிற்கவில்லை. கடையில் யார் யார் கண்டார்களோ என்ற யோசனை பின்னாலேயே வந்துவிட்டது.

ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும் முன்னரே எங்கள் அம்மன் கோயிலில் கொடியேறியது. குளிசை போடவேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் போடவில்லை. சரியாகத் தேருக்கு முதல்நாள் வந்தது. அக்கா கொடிகாமத்திலிருந்து வந்து, தேரன்று விடியவே கோயிலுக்குப் போய்விட்டா. மூத்தவன் தலைமுழுகித் தோய்ந்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, வடம் பிடிக்கப் புறப்பட்டான். நான் கொல்லைப்புறத்தில் எட்ட நின்றேன்.

“நான் நிக்கட்டோ அம்மா?”

“கிட்ட வராதை, தோஞ்சிட்டு நிக்கிறாய். போயிட்டு வா. சின்னவன் நிக்கிறான் தானே.”

அவன் படலையைத் திறந்துகொண்டு திரும்பிப் பார்த்துப் பார்த்துத்தான் போனான்.

காலையிலேயே இரத்தம் கூடத்தான் போய்க்கொண்டிருந்தது. திருவிழா நாளில் பிள்ளைகளை அலைக்கழிக்கக் கூடாது என்று நினைத்தேன். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டவள்தான், வீணாகப் பயப்படுகிறேன் என்று என்னையே ஏசிக்கொண்டேன். எப்போதும் தேவையில்லாமல் பயப்படுகிறவளுக்குத் தேவையான நேரத்தில் தன் பயத்தை நம்ப முடியாமல் போய்விடுகிறது. ஒலிபெருக்கியில் தவிலும் நாதஸ்வரமும் கேட்கத் தொடங்கியபோது நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து நிலத்தில் பழைய சீலையை விரித்துப் படுத்திருந்தேன். சீலை நனைந்துகொண்டிருந்தது. சுவர் மெல்லச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

சின்னவன் குசினி வாசலில் நின்று பார்த்தான். அவன் முகத்தில் நிறமே இல்லை. அவனாகவே போனை எடுத்து அக்காவுக்கு அடித்தான்.

“பெரியம்மா, அம்மாக்கு வயித்துவலி. வாங்கோ.”

கோயில் சத்தத்துக்கு மேலால் அக்கா கத்தியது எனக்கும் கேட்டது. “சீரகத்தை அவிச்சுக் குடுக்கச் சொல்லடா! தேர் சுத்தி இருப்புக்கு வந்தாப்பிறகு வாறன்!”

அடுத்த தரம் அடித்தபோது அக்கா எடுக்கவில்லை. அவன் ஓடினான். ஓட்டோ அண்ணை வீட்டில் இல்லை, அவரும் தேரடியில்தான். அங்கேயே போய்க் கேட்டிருக்கிறான். ஓடிப்போன வேகத்திலேயே திரும்பி ஓடிவந்து என் தலைமாட்டில் குந்தினான். அழுதுகொண்டிருந்தான்.

“சோடா வாங்கிக் குடுக்கட்டாம். தேர் இருப்புக்கு வரட்டாம். வயித்துவலி எண்டு சொன்னால் ஒருத்தரும் வருகினமில்லை அம்மா.”

நான் அவன் கையைப் பிடித்தேன். என் கை குளிர்ந்துபோயிருந்தது எனக்கே தெரிந்தது.

“உள்ளதைச் சொல்லட்டோ?” என்றான்.

இதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான். அவன் அப்படிக் கேட்டபோது, உயிர் போகிற நேரத்தில், என் கண்ணுக்கு முன்னால் வந்தது தேரடியில் நிற்கிற சனத்தின் முகங்கள். பக்கத்து வகுப்பு ரீச்சர் நிற்பா. நான் படிப்பிக்கிற பொடியன்கள் வடத்தில் நிற்பார்கள். ஓட்டோ அண்ணையின் முகத்தில் நாளைக்கு எப்படி முழிப்பேன்? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்கு அந்த நேரத்திலும் சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டிருந்தது.

“பொறு” என்றேன்.

அவன் பொறுக்கவில்லை. என் கையை உதறிவிட்டு ஓடிவிட்டான். படலை அடிபட்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது.

தேரடியில் நடந்ததை மூத்தவன் பிறகு சொன்னான். தேர் முடக்கில் திரும்பமுடியாமல், முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியிருந்தார்களாம். அரோகராச் சத்தம் அடங்கி, தவில்காரரும் கையை எடுத்திருந்த நேரம். மேலில் சேட்டோடும் காலில் செருப்போடும் சின்னவன் ஆம்பிளைகளை இடித்துக்கொண்டு வடத்துக்குள் வந்திருக்கிறான். “சேட்டைக் கழட்டடா, செருப்பைக் கழட்டடா” என்று யாரோ அவனைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அவன் அங்கேயே நின்று கத்தினானாம்.

“அண்ணை! அம்மாக்குப் பீரியட்ஸ் இரத்தம் நிக்குதில்லை! கட்டி கட்டியாப் போகுது! அம்மா செத்துப்போடுவா!”

வடத்தில் நின்ற அத்தனை தலையும் திரும்பியதாம். மூத்தவன் வடத்தை விட்டான். அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற ஓட்டோ அண்ணையும் விட்டுவிட்டு, “அடேய், உதை முதலே சொல்லியிருக்கலாமே! வயித்துவலி எண்டெல்லோ சொன்னனீ? எனக்கும் வீட்டிலை பொம்பிளைப் பிள்ளையள் இருக்குதுகள்!” என்று சின்னவனை ஏசிக்கொண்டே ஓடிவந்தாராம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்று மூத்தவன் சொன்னான். நான் அதை அவனிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது, குசினி வாசல் இருண்டு, வெறும் மேலோடு மூத்தவன் குனிந்ததுதான். திருநீறு வேர்வையில் வழிந்திருந்தது. அவன் என் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தான்.

“தொடாதை... தேரிலை நிண்டனி...” என்றேன்.

“அம்மா, வாயை மூடுங்கோ.”

பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் இருத்தித் தன் மடியில் சாய்த்துக்கொண்டான். தேர் நின்ற தெருவை விட்டு ஓட்டோ அண்ணை பின் ஒழுங்கையால் ஓட்டினார். வெள்ளை வேட்டி என் கண்ணுக்கு முன்னாலேயே சிவந்துகொண்டு போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஓட்டோ தூக்கிப் போட்டபோது இரண்டு பேரும் என்னை இறுக்கிப் பிடித்தார்கள். செத்துவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு யார் சமைப்பார்கள் என்பதே என் ஒரே யோசனையாக இருந்தது. ஊர் அப்போதுதான் என் தலையை விட்டுப் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மூத்தவனின் வேட்டியைத்தான் பார்த்தார். எங்கள் ஊரில் இப்போது பொடியன் ஒருவன் இரத்தத்தோடு வந்தால் முதலில் கேட்கிறது ஒன்றுதான்.

“என்ன, வாள்வெட்டோ? ஆரோடை தம்பி கொழுவினது?”

சாப்பாட்டு மேசையில் நாப்கின் பைக்கற்றைக் கண்டு எழும்பி ஓடப்பார்த்த பிள்ளை அவரை நேரே பார்த்தான்.

“எனக்கொண்டும் இல்லை. இது அம்மான்ரை இரத்தம். பீரியட்ஸ் இரத்தம். கர்ப்பப்பையிலை கட்டி. இஞ்சை தான் அம்மா கிளினிக்குக்கு வாறவ. கெதியா விடுங்கோ.”

காவலாளி வழி விட்டார். தானே ஓடிப்போய்த் தள்ளுவண்டியையும் கொண்டுவந்தார்.

உள்ளே கையில் ஊசி ஏறியது. இரத்தப் பையைத் தொங்கவிட்டார்கள். ஒரு நேர்ஸ் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்து, எப்போது தொடங்கியது, எவ்வளவு போனது என்று கேட்டா. நாக்கு ஒட்டிக்கொண்டது, என்னால் கதைக்க முடியவில்லை. “பொம்பிளையள் ஆரும் கூட வரேல்லையோ?” என்று சுற்றிப் பார்த்தா. கட்டிலின் கால்மாட்டில் சின்னவன் நின்றான்.

“ஒருத்தரும் இல்லை மிஸ். நான் சொல்லுறன்.”

நேற்றுத் தொடங்கியது, விடியக் கூடியது, டொக்டர் என்ன குளிசை தந்தவர், எந்தக் குளிசையை நிறுத்தச் சொன்னவர் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தான். நேர்ஸ் எழுதிக்கொண்டா. பிறகு, “சரி தம்பி, இது பொம்பிளையளின்ரை வாட், வெளியிலை நில்லுங்கோ” என்று அவனை மெல்லத் தள்ளிக் கதவைச் சாத்தினா. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் அவன் போகும்வரை சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தா. எனக்குக் கண் செருகியது.

கதவு கொஞ்சம் திறந்தது. தலை மட்டும் உள்ளே வந்தது.

“மிஸ்! ஒண்டு சொல்ல மறந்திட்டன்! இரத்தம் கட்டியாவும் போனது! பெரிசு பெரிசா, ஈரல் மாதிரி!”

அந்த வாட்டின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை கேட்டிருக்கும். எல்லாக் கட்டிலிலும் தலைகள் திரும்பின. நேர்ஸ் பேனையை மறுபடி திறந்து அதையும் எழுதினா. எனக்கு முகம் சுட்டது. இரத்தமே இல்லாத உடம்பில் எங்கிருந்து வந்ததோ, காதுவரை வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிறதுக்கு நான் உயிரோடு இருந்தேன்.